புழு ஏறட்டும்

பெரியவளிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "புழு ஏறட்டும்."

பல்வலி உயிரை வாங்கும். பல் டாக்டரிடம் போகலாம் என்றால், "புழு ஏறட்டும்." ஓடு உடைந்து தலைமாட்டில் சொட்டும். ஆளைக் கூப்பிடலாம் என்றால், "புழு ஏறட்டும்." தின்று கொழுத்த பட்டுப்புழு தீனியை நிறுத்திவிட்டு, கூடு கட்டுவதற்காகச் சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் ஏறும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்குத்தான் புழு வளர்ப்பவர்கள் கால் நீட்டி உட்காருவார்கள். அந்தச் சுகமும் நிலைக்காது. வந்த வேகத்தில் அடுத்த வளர்ப்புக்குக் குஞ்சுப் புழு வந்துவிடும். வயசுக் காலத்தில் அவளைப் பெண் கேட்டு நல்ல இடம் ஒன்று வந்ததாம். அப்பாவிடமும் இதே பதிலைத்தான் சொன்னாளாம். புழு ஏறி முடிப்பதற்குள் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணமே முடிந்துவிட்டது. "புழுவுக்கு இருக்கிற பொறுமை அந்த ஆளுக்கு இல்ல," என்று பிற்காலத்தில் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சொல்ல வந்தது அவளுடைய தங்கையின் கதையை. ஆனால் அக்காவைத் தொடாமல் தங்கையைச் சொல்ல முடியாது. பெயரே அப்படித்தான் அமைந்தது. அவள் பெரியவள் என்பதால் இவள் சின்னவள். ஐம்பதைத் தாண்டி, முன்தலை நரைத்து, முட்டி தேய்ந்த பிறகும் தெருவுக்கு இவள் சின்னவள்தான்.

சின்னவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். டவுனில் ஒற்றை அறையில் பல வருஷம் குடித்தனம். லாரி போகிற வழியில் ஓர் ஊரில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. குட்டு உடைந்த அன்று இவள் ஒரு பையோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். மல்பெரித் தழைக் கட்டோடு வெளியே வந்த பெரியவள் தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை.

"தழை வெட்ட ஞாபகம் இருக்கா, டவுனுக்குப் போய் மறந்துட்டியா?" என்றாள்.

"இருக்கு."

"அப்ப பையை உள்ள வச்சிட்டு வா. புழு பசியில கிடக்குது."

எதுவும் கேட்காமல் விட்டதற்காகச் சின்னவள் அக்காவை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள். எதுவுமே கேட்காமல் விட்டாளே என்று பல நாள் அவள்மேல் ஆத்திரமும் பட்டாள். அந்த வீட்டில் உட்கார்ந்து அழுவதற்குக்கூடப் புழுவின் சாப்பாட்டு நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

தோட்டத்தில் மல்பெரி ஜோடி ஜோடி வரிசையாக நிற்கும். இரண்டு ஜோடிக்கு நடுவே ஓர் ஆள் தாராளமாகப் படுத்துப் புரளலாம். அந்த இடத்தில் களைதான் மண்டிக் கிடந்தது. ஒரு நாள் மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, அதில் கற்பூரவள்ளி வைக்கலாமே என்றார். இருமல் மருந்துக்கு அந்த இலை வேண்டுமாம். நடுவதற்குத் தண்டும் அவர்களே கொடுப்பார்களாம், அறுத்துக் கட்டி வைத்தால் வண்டியும் அவர்களே அனுப்புவார்களாம்.

"பட்டுக்கு நடுவுல பச்சிலையா? நாளைக்கு வாசல்ல வைத்தியசாலைன்னு போர்டு மாட்டுவே போல," என்றாள் பெரியவள்.

"களை முளைக்கிற இடம்தானேக்கா."

"களைக்கு வாசனை கிடையாது. புழுவுக்கு நெடி ஆகாது, தெரியும்ல?"

தெரியும். வீட்டில் தட்டு அடுக்கிப் புழு வளர்க்கிற அறையான புழு மனைக்குள் போகிறவர்கள் பவுடர் பூசக் கூடாது, தைலம் தேய்க்கக் கூடாது, புகையிலை பக்கத்தில் வரவே கூடாது. ஆனாலும் சின்னவள் அந்த ஒரு விஷயத்தில் ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் அக்காவிடம் அப்படி நின்றதில்லை. புருஷனும் தனக்கென்று இல்லை, வீடும் தனக்கென்று இல்லை. பூமியில் ஒரு கையகல இடத்தில் தான் வைத்தது முளைத்து நிற்க வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. கடைசியில் பெரியவள் கையை உதறிவிட்டாள். "வச்சுத் தொலை. என் புழுவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுடுவேன்."

செடி நன்றாக வந்தது. மல்பெரி நிழலில் தடித்த இலைகளோடு படர்ந்து தரையை மூடியது. களை அடங்கியது. சாயங்காலத்தில் சின்னவள் வரிசைக்குள் போய்ச் சும்மா ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு வருவாள். அவள் சந்தோஷமாக இருந்த காலம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் அறுப்பின்போது வந்தது வினை. அறுத்த கையைக் கழுவினோம் என்று பேர் பண்ணிவிட்டு, சின்னவள் நேராகப் புழு மனைக்குள் போய் ஒரு தட்டுக்குத் தழை போட்டாள். புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தன. ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. பெரியவள் வீட்டை இரண்டாக்கினாள். தோலுரிக்கப் போகிற புழு தீனியைத் தொடாது, தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் தூங்கும். புழு வளர்க்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது தெரியாதா? "அது தூக்கத்துக்குப் போற புழுக்கா. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா என் கையைப் பழி சொல்றியே," என்று சின்னவள் மன்றாடினாள். மற்ற தட்டுகளிலும் அன்று இரவே புழு தூங்கியது. ஆனால் பெரியவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அன்றைக்குப் பிறந்ததுதான் அந்த வீட்டின் சட்டம்.

சட்டம் இதுதான். செடிக் கை வேறு, தழைக் கை வேறு. பச்சிலையைத் தொட்டவர் புழு மனைக்குள் கால் வைக்கக் கூடாது. அதுவும் கடைசிப் பருவத்தில், புழு விரல் பருமனுக்கு வளர்ந்து விழுந்து விழுந்து தின்னும் அந்த ஒரு வாரத்தில், செடிக் கைக்காரர் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. பெரியவள் புழு மனையே கதியென்று உள்ளே கிடப்பாள். சின்னவள் பின்பக்கம் மண்வெட்டியும் கூடையும் போட்டு வைக்கும் கொட்டகையில் பாய் விரித்துக்கொள்வாள். தழை வெட்டிக் கொண்டுவருகிற ஆள் ஒருவன் இருந்தான். அவன் செடிப் பக்கமே போகக் கூடாது. அவன் வாசலில் கட்டை இறக்கிவிட்டுப் போவான், பெரியவள் இழுத்துக்கொள்வாள். தெருவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சொத்துத் தகராறில் கோர்ட்டுக்குப் போன அக்கா தங்கைகூட ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள், இவர்களைப் பார் என்றார்கள்.

பேச்சுவார்த்தையெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். ஈ நுழையாமல் வலை அடித்து, வெயில் படாமல் உள்பக்கம் சாக்குத் தொங்கவிட்ட ஜன்னல். முகம் தெரியாது.

"சாப்பிட்டியாக்கா?"

"புழு சாப்பிட்டுது."

"உன்னைக் கேட்டேன்."

"நானும் அதுங்களோட உட்கார்ந்து ரெண்டு கை தழை தின்னேன், போ."

இப்படியே சில வருஷம் போயிற்று. அதற்குள் பெரியவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தட்டுகளின்மேல் தூவும் சுண்ணாம்புத் தூளும், புழு உரித்த தோலின் துகளும் காலமெல்லாம் நெஞ்சில் படிந்த வினை. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு விசில் அடிக்கும். ஆஸ்பத்திரி நர்ஸம்மா முகத்துக்கு நேரே சொன்னார்: "இந்தத் தூசியிலேயே கிடந்தீங்கன்னா ஒரு நாள் இழுத்த மூச்சு திரும்பி வராது." பெரியவள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று எழுத வேண்டியதில்லை.

இருமலுக்கும் இழுப்புக்கும் கைகண்ட இலை ஜன்னலுக்கு வெளியே காடாகக் கிடந்தது. சின்னவள் தினமும் காலையில் கஷாயம் வைத்து ஜன்னல் கட்டையில் கொண்டுவந்து வைப்பாள்.

"முதல்ல அந்தத் தம்ளரை எடு. நெடி உள்ள வருது."

"மருந்துக்கா. ஊர்ல எவன் எவனுக்கோ இருமல் நிக்க நம்ம இலை போகுது. நீ ஒரு வாய் குடிக்கக் கூடாதா?"

"எனக்கு மருந்துடி. அதுங்களுக்கு? புழு ஏறட்டும். ஒரு அண்டா காய்ச்சி வை, குளிக்கவே குளிக்கிறேன்."

ஒரு வருஷம் கோடை உச்சியில், புழுவின் கடைசி வாரத்தில் இருமல் கைமீறிப் போனது. சுவருக்கு இந்தப் பக்கம் கொட்டகையில் படுத்திருந்த சின்னவளுக்கு ஒவ்வொரு இருமலும் தன் விலாவில் குத்தியது. ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் ஓடிப்போய், வாசலில் தொங்கிய சாக்கை விலக்கி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். "காலை எடுடீ!" என்று பெரியவள் போட்ட சத்தத்தில் அவளுக்கே மூச்சு அடைத்து, உதடு நீலமாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். சின்னவள் பதறிப் பின்வாங்கினாள். தான் உள்ளே போனால் கோபத்திலேயே அக்காவின் உயிர் போய்விடும் என்று பயந்தாள். தழைக்காரன் மனைவியை வரச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "அவ கைச்சுத்தம் எனக்குத் தெரியும்," என்று பதில் வந்தது. இத்தனைக்கும் அந்த வாசலில் கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. மருந்துத் தண்ணீரில் நனைத்த ஒரு சாக்குதான் தொங்கியது.

எப்படியாவது இந்தப் புழு ஏறும்வரை அக்காவின் மூச்சு தாங்க வேண்டும். சின்னவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஏறிவிட்டால் மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம், காலில் விழுந்தாவது, கட்டித் தூக்கியாவது. கண்ணால் பார்க்க முடியாத அக்காவை அவள் காதால் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பருவத்துப் புழு தின்னும் சத்தம் ஓட்டில் தூறல் விழுகிற மாதிரி வெளியில் கேட்கும். தழை தீரத் தீரச் சத்தம் தேயும். பிறகு இருமல், சருகு நகரும் ஓசை, மறுபடி தூறல். தூறல் கேட்டால் அக்கா எழுந்து தழை போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். இவளுக்கு அது போதும்.

"எப்பக்கா ஏறும்?"

"நாளைக்கு," என்றாள் பெரியவள். இரண்டு இழுப்புக்குப் பிறகு, "இல்லன்னா நாளன்னைக்கு," என்று முடித்தாள்.

இது விடிகாலையில். அன்றைக்கே மருந்துக் கம்பெனி வண்டி வருவதாக இருந்தது. விடிந்ததிலிருந்து சின்னவள் வரிசைகளுக்குள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள். கை, முழங்கை, சேலை எல்லாம் கற்பூரவள்ளிச் சாறு. உச்சிவெயிலில் தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்கு வந்தவள் ஜன்னலுக்குக் கீழே வந்ததும் நின்றாள்.

சத்தமே இல்லை. தூறல் நின்றிருந்தது. இருமலும் இல்லை.

புழு வளர்க்கிறவர்களுக்கு அந்த அமைதி தெரியும். புழு பழுத்ததும், அதாவது கூடு கட்டத் தயாரானதும், ஒரேயடியாகத் தீனியை நிறுத்தும். அதுவரை இரைந்துகொண்டிருந்த மனை ஓய்ந்து போகும். வருஷமெல்லாம் அவர்கள் காது கொடுத்துக் காத்திருப்பது அதற்காகத்தான். சின்னவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த வெயிலில் ஒரு நாள் முன்னதாகவே பழுத்துவிட்டது. வேலை ஓய்ந்ததும் அக்காவும் அப்படியே கண் அயர்ந்துவிட்டாள். தூக்கத்தில் இருமலும் அடங்கியிருக்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது.

"அக்கா... ஏறப்போகுதா?" என்று மெல்லக் கூப்பிட்டாள். பதில் இல்லை. எத்தனை ராத்திரி கண் மூடாத உடம்பு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தழைக்காரன் தலையில் மத்தியானக் கட்டோடு வந்தான். சின்னவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"தழை வேணாம் தம்பி. புழு பழுத்துடுச்சு."

"நாளைக்குன்னுதானே பெரியக்கா சொன்னாங்க?"

"இந்த வெயிலுக்கு இன்னைக்கே பழுக்காதா? காதைக் குடுத்துக் கேளு."

அவன் கேட்டான். "ஆமாக்கா, மூச்சே இல்ல," என்றான். கட்டை மரத்தடியில் இறக்கி ஈரச்சாக்குப் போட்டு மூடினான்.

அந்தப் பிற்பகல் முழுவதும் சின்னவள் பறந்து பறந்து வேலை செய்தாள். வண்டி வந்து கட்டுகளை ஏற்றிக்கொண்டு போனது. பரணிலிருந்து சந்திரிகைகளை இறக்கித் தட்டித் துடைத்து வெயிலில் காய வைத்தாள். அக்கா கேட்டபடியே ஒரு பெரிய பாத்திரம் நிறைய இலையைப் போட்டுக் கொதிக்க வைத்தாள். கம்பெனி வண்டிக்காரரிடம், நாளைக்கு எங்க அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும், ஒரு கார் சொல்ல முடியுமா என்றுகூடக் கேட்டு வைத்தாள்.

வெயில் சாய்ந்ததும் ஒரு சந்திரிகையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபடியே சாக்கை விலக்கினாள்.

முதலில் கண்ணில் பட்டவை புழுக்கள்தான். பழுத்த புழு கண்ணாடி மாதிரி இருக்கும், பின்னால் இருப்பது தெரியும். இவை வெள்ளை வெளேரென்று இருந்தன. ஓர் இலை மிச்சமில்லாமல் குச்சி குச்சியாகக் கிடந்த தழைகளின்மேல், அடுக்கு அடுக்காக, ஆயிரக்கணக்கான தலைகள் தூக்கி நின்று இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டிருந்தன. புழு பழுக்கவில்லை. யாரும் தீனி போடவில்லை, அவ்வளவுதான். அது புரிந்த கணத்தில் சின்னவளின் தலையிலிருந்து சந்திரிகை விழுந்தது.

பெரியவள் ஜன்னலுக்குக் கீழே கிடந்தாள். மத்தியானம் இவள் வெளியே நின்ற அதே இடத்துக்கு உள்பக்கம். சாக்கின் நுனி கிழிந்து அவள் பிடியில் இருந்தது.

நர்ஸம்மா ஓடி வந்து பார்த்தார். கண்ணைப் பார்த்தார், கையை மடக்கிப் பார்த்தார். "ரொம்ப நேரம் ஆகலம்மா. மத்தியானத்துக்கு மேல வரைக்கும் இருந்திருப்பாங்க. கொஞ்சம் முன்னாடி மட்டும் யாராவது..." என்று ஆரம்பித்தவர் சின்னவளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன பயன்? அந்தப் பாதி வாக்கியத்தை மிச்ச ஆயுளெல்லாம் முடித்து முடித்துப் பார்ப்பதற்கு ஒருத்தி இருந்தாள்.

தெருவே வந்துவிட்டது. பெரியவளைத் தூக்கி முன்னறையில் கிடத்தினார்கள். தழைக்காரன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"சின்னக்கா, கேக்கக் கூடாதுதான். புழுவை என்ன பண்றது? அள்ளிக் குழியில கொட்டிடவா?"

சின்னவள் எழுந்தாள். மரத்தடிக்குப் போய்ச் சாக்கை விலக்கிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கழுவவில்லை. முழங்கை வரை பச்சைச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"அக்கா, கை..." என்றான் தழைக்காரன்.

அவள் முதல் தட்டில் தழையைப் பரப்பினாள். அடுத்த தட்டில் பரப்பினாள். அடுக்கு முழுவதும் பரப்பிவிட்டு நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மூலையில் தூறல் ஆரம்பித்தது. மனை முழுவதும் பரவியது.

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "தின்னுதே! பாவி, தின்னுதேடி! இதுக்காடி என்னை வெளியில நிறுத்தினே!" அக்கா செத்ததற்கு அதுவரை அழாதவள் அதற்குத்தான் அழுதாள்.

தழைக்காரன் அவளைத் தேற்றப் பார்த்தான். "பசி வந்தா பத்தும் பறந்து போகும்க்கா. பட்டினி கிடந்த புழு, அதான் நெடி பாக்கல. வயிறு நிறைஞ்ச புழுவா இருந்தா தொட்டிருக்காது. பெரியக்கா சொன்னதுல தப்பு இருக்காது."

அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். அக்காவைக் கொண்டுபோய்விட்டு எல்லாரும் திரும்பிய பிறகு, அன்று முழுவதும் தழைக்காரன் தன் சுத்தமான கையால் வேளாவேளைக்குத் தீனி போட்டான். பட்டினி கிடந்ததில் ஏறும் நாள் தள்ளிப்போயிருந்தது; மறுநாள் காலையில் புழுக்கள் வயிறு நிறைந்து கொழுகொழுவென்று கிடந்தன.

சின்னவள் தோட்டத்துக்குப் போனாள். அறுப்புக்குத் தப்பி ஓரத்தில் நின்ற கற்பூரவள்ளியை இரண்டு கையாலும் பறித்துக் கசக்கினாள். சாறு வழிந்து மணிக்கட்டுவரை இறங்கியது. அந்தக் கையோடு தழையை எடுத்து, இலை இலையாகத் தடவி, ஜன்னலோரத் தட்டில் போட்டாள். நெடி அவளுக்கே மூக்கில் ஏறிக் கண் எரிந்தது.

குனிந்து, முகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரே ஒரு புழு தலையைத் திருப்பிக்கொண்டால் போதும், அக்கா சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருந்தாள். திருப்பிக்கொள், திருப்பிக்கொள் என்று வாய்விட்டே கெஞ்சினாள்.

எல்லாப் புழுவும் தின்றது.